நூம்பல் ராஜாவின் கடைசி வசனம்

1

இந்த நாட்டில் என்னை எல்லோரும் கோவிந்தன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கோவிந்தன் என் அப்பா. செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர் பாய்ந்த நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். பூந்தமல்லியைத் தாண்டிப் போனதே அவர் வாழ்நாளில் நாலைந்து முறைதான் இருக்கும். அவர் இறந்து ஆறு வருடம் கழித்து, டொரண்டோவுக்கு மேற்கே ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் இந்த ஊரில், வங்கியிலும் மருத்துவமனையிலும் கிடங்கின் வருகைப் பதிவிலும் அவர் பெயர் ஏறிவிட்டது.

காரணம் எளிது. என் பெயர் கோ. சண்முகம். பாஸ்போர்ட் எடுத்தபோது முன்னெழுத்தை விரித்து எழுதச் சொன்னார்கள். சண்முகம் கோவிந்தன் என்று விரித்தேன். இங்கே இறங்கியதும் கடைசியில் இருந்த பெயரைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள். முதல் மூன்று வருடம் திருத்திப் பார்த்தேன். பதினொரு படிவம் நிரப்பினேன், நகல்கள் என்னிடம் இருக்கின்றன. பிறகு விட்டுவிட்டேன். யாராவது கோவிந்தன் என்றால் இப்போது தானாகத் திரும்புகிறேன்.

இந்தக் கோடையில், ஊர் நூலகத்தின் மாடியில் நடந்த எட்டு வார வகுப்பிலும் அதே பெயர்தான் என் சட்டையில் தொங்கியது. வகுப்பு செவ்வாய்க்கிழமைகளில், மாலை ஆறரை மணிக்கு. பாடம்: அரசர்களைப் பற்றிய துன்பியல் நாடகங்கள். அதிகாரம், ஆசை, வீழ்ச்சி. ஏழு பேர் சேர்ந்தோம். ஆறு பேர் ஓய்வு பெற்றவர்கள். நான் ஒருவன்தான் வேலை முடிந்து கிடங்கின் மஞ்சள் உடுப்போடு வருகிறவன்.

நடத்தியவர் ஹெலன், பள்ளிக்கூடத்தில் நெடுநாள் நாடகம் சொல்லிக் கொடுத்தவர். அவருடைய முறை எனக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொரு நாடகத்தையும் படித்து முடித்ததும் கையில் ஒரு பென்சிலைக் கொடுப்பார். "இந்த ராஜா எந்த வரியில் திரும்பிப் போயிருக்கலாம்? அந்த வரியின் கீழே கோடு போடுங்கள். ஒரே ஒரு கோடு." மற்றவர்கள் முதல் காட்சியிலேயே போட்டுவிடுவார்கள், கொலை நடப்பதற்கு முன்பு, ஆசை பிறக்கும் இடத்தில். என் கோடு எப்போதும் கடைசிப் பக்கங்களில்தான் விழும். ஹெலன் சிரித்துக்கொண்டே, "கோவிந்தன், நீங்கள் ராஜாக்களுக்கு ரொம்ப அவகாசம் கொடுக்கிறீர்கள்" என்பார்.

நான் அவரிடம் சொல்லாதது ஒன்று உண்டு. ராஜா நாடகம் எனக்குப் புதிதில்லை. பத்து வருடம் ஒரே ஒரு ராஜா நாடகத்தின் ஒவ்வொரு வரியையும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அந்த நாடகத்தின் ஒரே பிரதி என் படுக்கையறை அலமாரியில், குளிர்காலக் கோட்டுகளுக்குப் பின்னால் இருக்கிறது. அதைத் திருடி வந்தவன் நான்.

2

நூம்பலில் எங்கள் தெருவில் ஆடி மாதக் கடைசி வெள்ளியன்று அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். கூழுக்குப் பிறகு ராஜா நாடகம். மற்ற ஊர்களில் இதெல்லாம் விடிய விடிய நடக்கும். எங்கள் தெருவில் மூன்று மணிக்குத் தொடங்கி விளக்கு வைக்கும் முன்பே முடித்துவிடுவோம். நடிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நைட் ஷிப்ட். ஒரு முறை மந்திரி ஒருவர் முகத்துச் சாயத்தைக் கழுவ நேரமில்லாமல் அப்படியே சைக்கிளில் போய் கேட்டில் கார்டு பஞ்ச் பண்ணினார்.

கதை ஒன்றும் பெரிதில்லை. அண்ணனைக் கொன்று நாட்டைப் பிடிக்கிறான் தம்பி. எதிரியின் வயல் காய வேண்டும் என்று ஏரி மதகை மூடுகிறான். மழை வருகிறது, கரை உடைகிறது, அவன் மகனையே வெள்ளம் கொண்டுபோகிறது. காயம்பட்டு, கிரீடத்தோடு கரையில் விழுந்து சாகிறான். யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது.

ஆனால் எங்கள் நாடகத்துக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. நான் படித்த எந்த நாட்டு நாடகத்திலும் அவற்றைப் பார்த்ததில்லை.

முதலாவது, ராஜா செத்துக் கிடக்கும்போது சங்கு ஊதும். ஊதியதும், அடுத்த வருடத்து ராஜா மேடைக்கு வந்து, செத்தவன் தலையிலிருந்து கிரீடத்தை எடுப்பார். செத்தவன் கண்ணைத் திறக்கக் கூடாது. எடுப்பவர் யார் என்று விழாக் குழுவின் மூன்று பேருக்கும், அன்று காலை எடுக்கப் போகிறவருக்கும் மட்டுமே தெரியும். எடுத்தவர் ஒரு வருடம் தெருவுக்கு ராஜா. அவருக்குத்தான் முதல் கரண்டிக் கூழ். கோயில் பெட்டிச் சாவி அவரிடம்தான் இருக்கும். குழாயடிச் சண்டையில் அவர் சொல்வதுதான் முடிவு. வருட முடிவில் அவரே மேடையேறி நடித்துச் சாவார். ஒருவருக்கு ஒரு முறைதான்.

இரண்டாவது, ஒவ்வொரு ராஜாவும் தன் சாவுக்கு முன்னால் பேச ஒரு வசனத்தைத் தானே எழுதலாம். ஒரு தாளில் எழுதி, நாடகத்தன்று காலை நாடக நோட்டின் கடைசியில் மைதா பசையால் ஒட்டிவிட வேண்டும். மேடையில் ஒலிக்கும் வரை யாரும் படிக்கக் கூடாது. வசனம் எடுத்துக் கொடுப்பவன்கூட அந்த நேரத்தில்தான் முதல் முறையாகப் படிப்பான்.

அந்த எடுத்துக் கொடுப்பவன் நான். தெருவில் என் பெயர் நோட்டுக்காரன். பகலில் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. கேஜ் வைத்துக் கனம் அளந்து, தேறாத உருப்படியை ஒதுக்குவேன். மாலையில் திரைக்குப் பின்னால் நின்று ராஜாக்களின் வாயில் சொல் வைப்பேன். எங்கள் ஆட்கள் யாரும் வசனத்தை முழுதாக மனப்பாடம் செய்தவர்கள் இல்லை. முதல் வார்த்தையை நான் சொன்னால்தான் அவர்களுக்கு வரும். நான் துண்டை அசைத்தால்தான் சங்கும் ஊதும்.

பத்து வருடம் பத்து ராஜாக்களுக்குச் சொன்னேன். எல்லோரையும் விட எனக்கு அந்த வேடம் நன்றாக வரும் என்று எனக்குத் தெரியும். வெளியே சொன்னதில்லை. வகுப்பில் ஆசை என்ற சொல் வரும்போதெல்லாம் அந்தத் திரையின் நாப்தலின் வாசனைதான் எனக்கு நினைவுக்கு வரும்.

3

பத்தாவது ராஜா தனபால். எனக்கு இரண்டு வயது இளையவன், அதே எஸ்டேட்டில் லேத் ஓட்டும் டர்னர். ஒன்றாகவே சைக்கிளில் போவோம்.

கிரீடம் எடுத்த அந்த ஒரு வருடத்தில் அவன் நடையே மாறிவிட்டது என்று தெருவில் பேசினார்கள். குழாயடியில் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தான். வார்டு தேர்தலில் நிற்கப் போவதாகப் பேச்சு. நான் ஒரு நாள் கேட்டேன்.

"இன்னாடா, நிசமாவே ராஜான்னு நெனச்சிக்கினியா?"

"பின்ன? ஒரு வருசம் ராஜாவா இருந்து பாரு மச்சான், அப்பறம் தெரியும். தகரக் கிரீடம்தான், காத கிழிக்குது. ஆனா கழட்ட மனசு வர்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நான் அதை நாட்குறிப்பில் எழுதி வைத்தேன்.

அந்த ஆடிக் கடைசி வெள்ளிக் காலையில், குழுவின் மூத்தவர் ஏகாம்பரம் கூழ்ப் பானைக்கு அருகில் என்னைத் தள்ளிக்கொண்டு போய்க் காதில் சொன்னார்: "சாயந்திரம் நீதான் எடுக்கற. வாய தொறக்காத."

அன்று முழுவதும் என் கை வேர்த்துக்கொண்டே இருந்தது. தனபால் நோட்டை வாங்கிப் போய்த் தன் தாளை ஒட்டிக்கொண்டு வந்து தந்தபோது மணி இரண்டே முக்கால். "ஒட்டிட்டேன் மச்சான். ஈரமா கீது, பாத்து" என்றான். அதுவும் நாட்குறிப்பில் இருக்கிறது. பிறகு எழுதினேனே தவிர, அந்த நேரத்தில் காதில் விழவில்லை.

கடைசிக் காட்சி. ராஜா விழுந்துவிட்டான். அடுத்து அவனுடைய சொந்த வசனம் வர வேண்டும். நான் பக்கத்தைத் திருப்பினேன். மறு பக்கத்தில் "சங்கு" என்று மட்டும் என் கையெழுத்தில் இருந்தது. தாள் எதுவும் இல்லை. எழுதாமலேயே எழுதியதாகச் சொல்லியிருக்கிறான் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூட மிகை. நான் மேடைக்குப் போகும் நேரம் வந்துவிட்டது, அவ்வளவுதான் என் மனதில் இருந்தது. துண்டை அசைத்தேன். சங்கு ஊதியது. நோட்டைப் பெட்டிமேல் போட்டுவிட்டு, முன்புறம் ஏறி, குனிந்து, கிரீடத்தில் கை வைத்தேன்.

செத்தவனின் வலக்கை எழுந்து கிரீடத்தைப் பிடித்துக்கொண்டது.

தெரு முழுக்கச் சீழ்க்கை கிளம்பியது.  "டேய், பொணம் தர மாட்டேன்னுது!" என்று யாரோ கத்தினார்கள். தனபாலின் உதடு அசைந்தது. சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. நான் இழுத்தேன், அவன் விடவில்லை. முப்பத்து நான்கு வயது ஆள், சட்டையில்லாமல், திருநீறு பூசிக்கொண்டு, ஒரு பிணத்தோடு தகரத்துக்காக மல்லுக்கட்டிக்கொண்டு நின்றேன். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

கிரீடம் கைமாறினால்தான் ஏற்றும் கற்பூரத்தை அன்று ஏற்றவில்லை. அப்படியே முடிந்தது.

மேடைக்குப் பின்னால் அவன் என் மேல் பாய்ந்தான். "என் வசனத்த முழுங்கிட்டியேடா! மொத வார்த்த குடுப்பன்னு கண்ண மூடிக்கினு கீறேன், சங்க ஊதற!"

"நீ எழுதியிருந்தாத்தான குடுக்கறதுக்கு?"

"ஒட்டனேன்டா! காட்டு நோட்ட!"

காட்டினேன். ஏகாம்பரத்தின் முன்னால், குழுவின் முன்னால், கடைசிப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்டினேன். தாள் இல்லை. ஏகாம்பரம் அவனைப் பார்த்த பார்வை இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. "கிரீடத்த குடுக்க மனசு வரலன்னா சொல்லிட்டுப் போ தனபாலு. பொய் எதுக்கு?"

நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். என் நோட்டில் தப்பு இருக்காது என்பது தெருவுக்கே தெரிந்த விஷயம்.

4

மூன்று மாதம் கழித்து, ஐப்பசியில், எனக்கு விசா வந்தது. பெட்டி கட்டும்போது நோட்டைத் துணிகளுக்கு அடியில் வைத்தேன். பத்திரமாக இருக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். நான் ராஜாவாகாத நாடகத்தில் வேறு எவனும் ராஜாவாகக் கூடாது. அதுதான் உண்மை.

ஊரை விட்டுக் கிளம்பிய அன்று, வேலப்பன்சாவடி பஸ் நிறுத்தத்துக்கு வழியனுப்பக் கடைசியாகத் தனபால் வந்தான். நாங்கள் பேசி மூன்று மாதமாகியிருந்தது.

"நோட்டு எங்கடா?"

"கோயில் பொட்டி பூசைக்குத் தொறந்திருந்துச்சே, அதுல வச்சிட்டேன்."

"சரி. போய்ட்டு வா."

அவ்வளவுதான். கிரீடம் கைமாறாததால் பெட்டிச் சாவி இன்னும் அவனிடமே இருந்தது. அதை நான் அந்த நேரத்தில் யோசித்தேனா என்று இருபத்திரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நாட்குறிப்பில் அந்த நாளுக்கு நேராக விமான எண் மட்டும்தான் இருக்கிறது.

அடுத்த ஆடிக்குப் பெட்டியைத் திறந்தபோது நோட்டு இல்லை. சாவி வைத்திருந்தவன் தனபால். தெரு ஒரே நாளில் தீர்ப்புச் சொல்லிவிட்டது: தனக்குப் பிறகு எவனும் ராஜாவாகக் கூடாது என்று நோட்டைக் கொளுத்திவிட்டான். நாடகம் நின்றது. அவன் வார்டு தேர்தலில் நின்றபோது, நோட்டைக் கொளுத்தினவன் நாளைக்கு வார்டையே கொளுத்துவான் என்று எதிராளிகள் மைக்கில் சொன்னார்களாம். தோற்றான். என் தம்பி போனில் இதையெல்லாம் சிரித்துச் சிரித்துச் சொன்னான். நானும் சிரித்தேன்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லவில்லை. முதலில் கோபம் தடுத்தது, பிறகு வெட்கம் தடுத்தது. அதற்குப் பிறகு எதுவுமே தேவைப்படவில்லை, சொல்லாமல் இருப்பதே பழகிவிட்டது.

5

வகுப்பின் நான்காவது வாரம், ஆடி பிறந்த சமயத்தில், தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸப்பில் அழைப்பு வந்தது.

"மாமா, நான் செல்வி. தனபால் பொண்ணு."

நான் கிளம்பும்போது அவளுக்கு நான்கு வயது. இப்போது அம்பத்தூரில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் வேலை செய்கிறாள்.

"அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாசம் ஆச்சு மாமா. வலது பக்கம் வரல. பேச்சும் தானா வரல. நாம ஒரு வார்த்தை சொன்னா அப்படியே திருப்பிச் சொல்றாரு. சொல்லலன்னா சும்மா உக்காந்திருக்காரு."

"ஐயோ. என்னம்மா இது."

"அத விடுங்க மாமா. தெருவுல இந்த வருசம் மறுபடியும் ராஜா நாடகம் போடலாம்னு பேசறாங்க. நோட்டு இல்ல. ஏகாம்பரம் தாத்தாவக் கேக்கப் போனா, 'உங்கப்பன்தான் கொளுத்திட்டானே, அவனையே கேளு'ன்றாரு. அப்பாவ வீல் சேர்ல வச்சிக்கினு போயிருந்தேன் மாமா. அவர் எதிர்லயே சொல்றாரு."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"வீட்டுக்கு வந்து கேட்டேன். 'நீ எரிச்சியாப்பா?' இல்லன்னு தலையாட்டறாரு. 'வசனம் எழுதி ஒட்டினியா?' ஆமாங்கறாரு. 'யாருக்குத் தெரியும், சண்முகம் மாமாவுக்கா?'ன்னு கேட்டேன். ஆமான்னு ஆட்டிக்கினே இருக்காரு மாமா, நிறுத்தவே இல்ல. நாடகம் கெடக்கட்டும். அவர் பொய் சொல்லலன்னு ஒரு வார்த்தை நீங்க ஏகாம்பரம் தாத்தாகிட்ட சொன்னா போதும். அப்பாவுக்கு அந்தப் பேரு போவணும்."

திரும்புவதற்கு என்று ஒரு வரி இருந்தால் அது இதுதான். ஹெலனின் பென்சில் அப்போது என் சட்டைப் பையிலேயே இருந்தது.

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லம்மா. ரொம்ப வருசம் ஆச்சு" என்றேன்.

 "ஊருக்கு வந்தா வாங்க மாமா" என்றாள். இந்தியா வர எனக்கு வேண்டிய ஓ.சி.ஐ. அட்டை புதுப்பிப்பில் இருக்கிறது, புகைப்படத்தின் பின்னணி வெள்ளையாக இல்லை என்று இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் போனை வைத்துவிட்டாள். உண்மைதான், ஆதாரம் இருக்கிறது. எனக்கு எப்போதும் ஆதாரம் இருக்கும்.

6

கடைசி வகுப்புக்கு, அவரவர் மொழியில் விழுந்த ராஜா ஒருவரின் பேச்சைக் கொண்டுவந்து படிக்கச் சொல்லியிருந்தார் ஹெலன். முந்தைய நாள், திங்கட்கிழமை மாலை, வெயில் இன்னும் ஜன்னலில் இருக்கும்போதே கோட்டுகளை ஒதுக்கி நோட்டை வெளியே எடுத்தேன். பல வருடமாகத் திறக்காதது. சாப்பாட்டு மேசையில் வைத்தேன்.

என் மகன் கவின் குளிர்பெட்டியைத் திறக்க வந்தவன் நின்று பார்த்தான். பதினாறு வயது. தமிழ் புரியும், பேச மாட்டான், படிக்கத் தெரியாது. அவன் கேட்டதெல்லாம் ஆங்கிலத்தில்தான்.

"இது என்ன? தாத்தாவுடையதா?"

"இல்லை. எங்கள் தெரு நாடகம். ஒரே பிரதி."

"தெருவுடையது என்றால் உங்களிடம் ஏன் இருக்கிறது?"

நான் சொல்ல ஆரம்பித்தேன். கிரீடம், சங்கு, வழக்கம், அவமானம். தேதி வரிசையில், ஒன்றும் விடாமல் சொன்னேன். பாலைக் குடித்துக்கொண்டே கேட்டான்.

"அப்படியென்றால் நீங்கள் திருடிவிட்டீர்கள். பழி அவர்மேல் விழுந்தது" என்றான். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு மேலே போய்விட்டான்.

இருபத்திரண்டு வருடத்தை அவன் ஒரு கோப்பைப் பாலுக்குள் முடித்துவிட்டான். கோபம்கூட இல்லை அவனிடம். அடுத்த வீட்டு ஆளைப் பற்றிக் கேட்டதுபோல் இருந்தான்.

நான் கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். ராஜாக்கள் ஒட்டிய தாள்களால் நோட்டு உப்பியிருந்தது. "சங்கு" என்று எழுதிய பக்கத்துக்கு முந்தைய தாளைப் பிடித்தபோது கட்டைவிரல் நின்றது. பல வருடம் கேஜ் பிடித்த விரல் அது. ஒரு தாளின் கனம் என்ன, மூன்று தாளின் கனம் என்ன என்று அதற்குத் தெரியும். அன்று அது வேர்த்து ஊறியிருந்தது, அவசரத்தில் இருந்தது. இப்போது உலர்ந்திருந்தது.

எஃகு ஸ்கேலை விளிம்பில் நுழைத்து மெல்ல ஓட்டினேன். மைதா பசை பொருக்காக உதிர்ந்தது. இரண்டு பக்கங்கள் பிரிந்தன. நடுவில் கோடு போட்ட தாள் ஒன்று. தனபாலின் கையெழுத்து, எழுத்துப் பிழைகளோடு. ஈரத்தில் இரண்டு பக்கத்தோடும் ஒட்டி, உள்ளேயே இருந்திருக்கிறது. ஏகாம்பரத்தின் முன்னால் நான் புரட்டிக் காட்டியபோதும் அங்கேதான் இருந்தது.

*நான் சாவறேன். சந்தோசமாத்தான் சாவறேன். ஒரு வருசம் மொதக் கரண்டி கூழ் குடிச்சேன், போதும். ஆனா தெரைக்குப் பின்னால ஒருத்தன் பத்து வருசமா நின்னுகினு எல்லா ராஜா வாயிலயும் சொல்லு வச்சான். அவன் வாயில சொல்லு வைக்க ஒருத்தனும் இல்ல. டேய் நோட்டுக்காரா, வெளிய வா. இது தகரம், காத கிழிக்கும். பாத்து எடுத்துக்கோ.*

என் முறை என்று அவனுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. குழுவிடம் அவனே எனக்காகக் கேட்டிருக்கலாம். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள, குழுவில் இன்று ஏகாம்பரம் ஒருவர்தான் மிச்சம்.

மறுநாள் வகுப்பில் இதைத் தமிழில் படித்தேன். பிறகு பொருள் சொன்னேன். ஏழெட்டு கைகள் தட்டின. "அற்புதம், கோவிந்தன். எந்த வரியில் திரும்பியிருக்கலாம்?" என்று கேட்டார் ஹெலன். ராஜா திரும்ப வேண்டியதே இல்லை என்றேன். அவருக்குப் புரியவில்லை. விளக்க என் ஆங்கிலம் போதவில்லை என்று சொல்லித் தப்பித்தேன்.

7

புதன்கிழமை எல்லாப் பக்கங்களையும் படமெடுத்துச் செல்விக்கு அனுப்பினேன். ஒட்டியிருந்த தாளைத் தனியாக அனுப்பினேன். பிறகு நாலரை நிமிடம் பேசி ஒரு குரல் பதிவு. எதையும் குறைக்கவில்லை: வேலப்பன்சாவடியில் சொன்ன பொய், அவளிடம் சொன்ன பொய் எல்லாம். அந்தத் தாளை மட்டும் நகலெடுத்து வைத்துக்கொண்டு, நோட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

நீல டிக் உடனே விழுந்தது. பதில் வெள்ளிக்கிழமை வந்தது, எழுத்தில். நாடகம் இந்த வருடம் இல்லை. நோட்டு கிடைக்காது என்று முடிவாகி, பாட்டுக் கச்சேரி வைத்துவிட்டார்கள். தெருவில் பாதி இப்போது அடுக்குமாடி, வெளியூர்க்காரர்கள், அவர்களுக்குப் பாட்டுதான் வேண்டுமாம். ஏகாம்பரத்திடம் கூழ்ப் பானையருகில் தாளைப் படித்துக் காட்டினாளாம். காதில் கையைக் குவித்துக் கேட்டுவிட்டு, "அப்டியா? சரி, போவட்டும். கூழு ஆறுது பாரு" என்றாராம். அவ்வளவுதான் தீர்ப்பு. கடைசி வரி: "அப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க. நாளைக்கு சாயந்திரம் அஞ்சரைக்கு வீடியோல வரோம்."

அந்தச் செய்தியில் மாமா என்ற சொல் எங்கும் இல்லை.

எங்கள் சனிக்கிழமை காலை எட்டு மணி. திரையில் தனபால் தெரிந்தான். தலை முழுக்க நரை, வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. கண் மட்டும் அதே கண். செல்வியின் கை அவன் தோளில் இருந்தது, முகம் தெரியவில்லை.

"தனபாலு, நான்தான்டா" என்றேன்.

பார்த்தான்.

"தாள் கெடச்சிது. ஒட்டிக்கினு இருந்துதுடா. நான்தான் பாக்கல. நீ பொய் சொல்லல."

பார்த்துக்கொண்டே இருந்தான். மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியம் தயாரித்து வைத்திருந்தேன். வரவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். தாளின் நகலை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் சொல்லைக் கொடுத்தேன்.

"நான் சாவறேன்."

அவன் முகத்தில் ஏதோ நகர்ந்தது. "நான்... சாவ... றேன்."

"சந்தோசமாத்தான் சாவறேன்."

"சந்தோச... மாத்தான்."

செல்வியின் கை தோளில் இறுகியது. ஒவ்வொரு துண்டாகக் கொடுத்தேன். கூழ் என்றதும் இடப்பக்கம் சிரித்தான். திரைக்குப் பின்னால் நின்றவன், வாயில் வைத்த சொல், எல்லாவற்றையும் இழுத்து இழுத்து, ஆனால் ஒன்று விடாமல் சொன்னான். "டேய் நோட்டுக்காரா" என்பதை நான் கொடுப்பதற்கு முன்பே பாதி சொல்லிவிட்டான். எட்டு மாதத்தில் தானாக வந்த முதல் சொல் அதுதானாம், செல்வி பின்னாலிருந்து அழுதுகொண்டே சொன்னாள்.

"வெளிய வா."

"வெளிய... வா."

"இது தகரம், காத கிழிக்கும்."

"கிழி... க்கும்."

"பாத்து எடுத்துக்கோ."

அவன் சொல்லவில்லை.

கேட்கவில்லையோ என்று மறுபடி கொடுத்தேன். "எடுத்துக்கோ." வாயை மூடிக்கொண்டான். மூன்றாவது முறையும் கொடுத்தேன், மெதுவாக, பிரித்துப் பிரித்து, பத்து ராஜாக்களுக்குக் கொடுத்ததுபோல. அவன் என்னையே பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான். அன்று மேடையில் எழுந்தது வலக்கை. அது இப்போது மடியில் கிடந்தது. இடக்கை மெல்ல எழுந்து, தன் தலைமேல் போய், விரல்கள் மடங்கி, அங்கேயே பிடித்துக்கொண்டு நின்றது.

"தலை அரிக்குது போல" என்றாள் செல்வி.